விட்டுப்போன ஒரு ‘ஆம்’

ஐயா,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு அம்மா கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. காலையில் நீ ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற ஓட்டத்தில், சாப்பாட்டை எடுத்துக்கொண்டாயா என்பதற்கு மேல் உன்னிடம் எதுவும் பேச முடிவதில்லை. சாயங்காலம் வந்தால் விடைத்தாள் கட்டு. ஞாயிற்றுக்கிழமை என்றால் வீடு நிறைய உன் மாணவர்கள். இதெல்லாம் சாக்கு என்று எனக்கும் தெரியும். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அதுதான் உண்மை. மூன்று நாள் முயன்று பார்த்தேன். நேற்றுக்கூடச் சொல்லவென்றே பக்கத்தில் வந்து நின்று, இன்னும் ரெண்டு தோசை வைக்கவா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். நீயும் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் வை என்றாய்.

வருகிற வெள்ளிக்கிழமை உன் கல்லூரியில் நாடகம். அது தொடங்குவதற்கு முன் நான் மேடையேறி, அந்தக் காலத்தில் மில் விடுதியில் நடந்ததைப் பற்றிப் பத்து நிமிஷம் பேச வேண்டும் என்று கேட்டாய். நானும் பெருமையாகத் தலையாட்டிவிட்டேன். பேசுவதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆனால் முதலில் உன்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நேரில் புகழ்ந்தால் உனக்குக் கூச்சம் வந்து சட்டைப் பொத்தானைத் திருகுவாய். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை.

இந்த நாடகத்தை நீ நடத்தப்போகிறாய் என்று முதலில் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். எந்தத் தேசத்திலோ, எந்தக் காலத்திலோ, ஒரு கிராமத்தில் சில பெண்பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள், கத்துகிறார்கள். இன்னார்தான் சூனியம் வைத்தார் என்று ஊர்க்காரிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார்கள். நீதிபதிகள் நம்புகிறார்கள், ஒரு பாவமும் அறியாதவர்களைத் தூக்கில் போடுகிறார்கள். இதைச் சேத்தூரிலிருந்தும் செட்டியார்பட்டியிலிருந்தும் வருகிற பிள்ளைகளுக்கு, இங்கிலீஷ் என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்கிற பிள்ளைகளுக்கு, எதற்கு நடத்த வேண்டும்? நோட்ஸைக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னால் அவர்களும் தேறுவார்கள், நீயும் நேரத்துக்கு வீடு வந்து சேருவாய் என்று நினைத்தேன். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு இவனுக்கு எதற்கு இந்த வீம்பு என்று உன் அப்பா படத்தைப் பார்த்து முறையிட்டதும் உண்டு.

பிறகுதான் நீ அவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் நம் வீட்டு மாடிக்குக் கூட்டி வந்தாய். நான் டீ போடுகிற சாக்கில் படிக்கட்டில் நின்று கேட்டேன். ஒளிந்து கேட்டது தப்புதான், ஆனால் அதில் எனக்கு வருத்தம் இல்லை. முதல் நாள், முதலில் பழி சொல்கிற பெண்ணாக நடிக்க வேண்டிய மாரீஸ்வரி, தேவதானத்துப் பிள்ளை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இவ சரியான பொய்க்காரி சார். எனக்கு இவளப் பிடிக்கல. வேற ஆளுக்குக் குடுங்க.”

நீ அவளைத் திட்டவில்லை. பாத்திரத்தின் முக்கியத்துவம் என்று பிரசங்கமும் பண்ணவில்லை. “பொய்க்காரியா நடிக்காத, மாரி. பயந்துபோன புள்ளயா நடி. நாலு பெரிய மனுசங்க ஒன்னையவே உத்துப் பாக்காங்க. அந்தப் பார்வைய எப்படியாச்சும் வேற ஒருத்தி பக்கம் திருப்பி விட்டுறணும்னு தோணும்ல, அத நடி” என்றாய். அந்தப் பிள்ளை எழுந்து நின்று அந்தக் காட்சியைப் படித்தது. படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததில் கையிலிருந்த தட்டு சாய்ந்து டீ சிந்தியது. அன்று நீ டீ குறைவாக இருக்கிறதே என்று கேட்டாய், ஞாபகம் இருக்கும்.

அவளுடைய அப்பா உன்னைத் தேடி வந்ததும் எனக்குத் தெரியும். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர், மீசையே ஒரு முழம் இருக்கும். பொம்பளப்பிள்ளை பேய் பிடித்தவள் மாதிரி ஆடினால் ஊரில் என்ன பேசுவார்கள், நாளைக்கு ஒரு மாப்பிள்ளை வருவானா என்று வாசலிலேயே நின்று சத்தம் போட்டார். நான் உள்ளே பயந்துகொண்டிருந்தேன். நீ அவரை மாடிக்குக் கூட்டிப் போய், நீதிபதியாக நடிக்கிற பையன் வரவில்லை, அவன் வசனத்தை மட்டும் நீங்கள் தமிழில் வாசித்துக் கொடுங்கள் என்று கையில் தாளைக் கொடுத்துவிட்டாய். அந்த மனிதர் நல்ல கம்பீரமாகத்தான் வாசித்தார். வாசித்து முடித்ததும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏன் சார், இந்த ஆளு அந்தப் புள்ளைககிட்ட ஒரு கேள்விகூடச் சரியாக் கேக்கலையே? நாங்க காணாமப்போன ஒரு தொப்பிக்கே ஒம்பது கேள்வி கேப்போம்” என்றார். அதற்குப் பிறகு மகளை அவரே பைக்கில் கொண்டுவந்து விடுகிறார். உன் அப்பா இருந்திருந்தால் இதற்காகவே உன்னைத் தோளில் தட்டியிருப்பார். அவர் இல்லாததால் நான் எழுதுகிறேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைதான் என்னைப் பிடித்து உலுக்கிய நாள். சாட்சி சொல்கிற காட்சியை, புத்தகத்தைப் பார்க்காமல் சொந்தப் பேச்சில் சொல்லச் சொன்னாய். கருப்பசாமி எழுந்து, “அந்தக் கெழவி காட்டுக்குள்ள போனா, பேய்கூடப் பேசுனா, அந்த வீட்டுப் புள்ளைக்கு மருந்து வச்சா” என்று அடுக்கினான்.

“நீ பாத்தியாடா?”

“நான் எங்க சார் பாத்தேன். சொல்லுதாங்க.”

“பாக்காதத நம்ம ஊர்ல எப்படிச் சொல்லுவோம்?”

அவன் கொஞ்சம் யோசித்து, “வச்சாளாம்” என்றான்.

“அப்ப அந்த ‘ஆம்’ எங்கடா போச்சு?”

எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. தண்ணீர்த் தொட்டிச் சுவரில் கரித்துண்டால் ‘வச்சாளாம்’ என்று எழுதி, கடைசி எழுத்துகளைக் கையால் அழித்தாய். சுவரைப் பாழாக்குகிறானே என்று நினைத்துக்கொண்டே நின்றேன். “இங்கிலீஷ்காரன் ‘கேள்விப்பட்டேன்’னு தனியா ஒரு வார்த்தை சேக்கணும். நமக்கு வார்த்தைக்குள்ளேயே ஒரு வாலு இருக்கு. நான் பாக்கல, காதுல விழுந்ததுன்னு அது சொல்லிரும். ஒரு சேதி ஊரச் சுத்தி வாரதுக்குள்ள யாரோ ஒருத்தர் அந்த வால நறுக்கிருதாங்க. நறுக்குனது யாருன்னு கண்டுபிடிக்கறதுதான் இந்த நாடகத்தப் படிக்கறது” என்றாய். அன்றிலிருந்து ஒவ்வொரு சாட்சியையும் அவர்கள் படிக்கும்போது, ‘ஆம்’ விட்டுப்போன இடத்தில் எல்லாரும் மேசையைத் தட்ட வேண்டும் என்று விளையாட்டு வைத்தாய். அந்தச் சத்தம் கீழே அடுப்படி வரை கேட்கும். குழம்பில் உப்பு கூடினால் தெரியாத என் பிள்ளைக்கு வாக்கியத்தில் ஒரு எழுத்து குறைந்தால் தெரிகிறதே என்று எனக்கு ஆச்சரியம். எவ்வளவு நல்ல வாத்தியார் நீ. இதை நான் பெற்றவள் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அது என்னைப் பார்த்துத்தான் தட்டப்படுகிறது என்று எனக்குத் தெரிந்ததால் சொல்கிறேன்.

மில் விடுதிக் கதை உனக்குத் தெரிந்த அளவில் இதுதான். நீ மூன்றாம் வகுப்புப் படித்தாய். அப்பா பட்டாளத்தில், எல்லையில் இருந்தார். நான் ஒரு நூல் மில்லில் பெண்கள் விடுதி வார்டன். ஐப்பசி மாதம் காலை ஷிஃப்டில், நூல் நூற்கிற மெஷின் பக்கத்தில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். அடுத்த நாள் நான்கு பேர், அதற்கடுத்த நாள் பதினொரு பேர். கை கால் இழுத்துக்கொண்டது, சிலர் தலைவிரி கோலமாக அழுதார்கள். அம்மாதான் அத்தனை பேரையும் வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள், ராத்திரி பகலாகக் கூடவே இருந்தாள், ஒருத்திக்கும் ஒன்றும் ஆகாமல் திரும்பக் கொண்டுவந்தாள். இதைச் சொல்லித்தான் உன்னை வளர்த்தேன். நீயும் இதைத்தான் உன் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாய். இதில் ஒன்றும் பொய் இல்லை. ஆனால் பேச்சியம்மாள் என்கிற பெயரை உன்னிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

பேச்சியம்மாள் மில்லில் கூட்டிப் பெருக்குகிறவள். மெஷின்களுக்கு அடியில் சேருகிற பஞ்சுத் தூசியைக் கூட்டி அள்ளுவது அவள் வேலை. முதல் பெண் விழுவதற்கு இரண்டு நாள் முன்பு அவள் கையில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் ஒன்றை யாரோ பார்த்திருக்கிறார்கள். அது போதாதா? மூன்றாம் நாள் விடுதி முழுக்க ஒரே பேச்சு. பேச்சியக்கா செய்வினை வச்சாளாம், மெஷினுக்கு அடியில பழம் வச்சாளாம். யார் பார்த்தது என்று கேட்டால் அவள் இவளைக் காட்டுவாள், இவள் இன்னொருத்தியைக் காட்டுவாள். விழுந்த பிள்ளைகளைக் குற்றம் சொல்ல மாட்டேன். எல்லாம் பதினேழு, பதினெட்டு வயது. சரியாகச் சாப்பிடாமல், சரியாகத் தூங்காமல், வீட்டு ஞாபகத்தில் கிடந்தவர்கள். டாக்டர் நோய் ஒன்றும் இல்லை என்றுவிட்டார். நோய் இல்லை என்றால் பிறகு என்ன என்பதுதான் அவர்களுக்குப் பயம்.

ஆபீசில் என்னைக் கூப்பிட்டு, நடந்ததை நல்ல தமிழில் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். உனக்குத்தான் தெரியுமே, பன்னிரண்டாம் வகுப்பில் தமிழில் பள்ளிக்கே முதல் மதிப்பெண் வாங்கியவள் நான். அந்தக் கர்வம் இன்றைக்கும் போகவில்லை. பிள்ளைகள் அத்தனை பேரும் ‘வச்சாளாம்’ என்றுதான் சொன்னார்கள். ‘வைத்தாராம்’ என்று ஒரு அலுவலகக் கடிதத்தில் எழுதுவது கொச்சையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ‘துப்புரவுப் பணியாளர் பேச்சியம்மாள் என்பவர் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழத்தை இயந்திரத்தின் அடியில் வைத்தார்’ என்று எழுதி, அழகாகக் கையெழுத்தும் போட்டேன். பார், அவளுக்கு மரியாதை விகுதிகூட விடாமல் போட்டிருக்கிறேன். ‘ஆம்’ ஒன்றை மட்டும் எடுத்துவிட்டேன். அன்று மத்தியானமே அவளை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அவள் தட்டையும் தூக்குச்சட்டியையும் விடுதிப் பிள்ளைகள் மில் கேட்டுக்கு வெளியே எறிந்தார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

இத்தோடு நிறுத்தினால் இது ஒரு எழுத்துப் பிழை, மன்னித்துவிடலாம் என்று நீ சொல்வாய். மீதியையும் கேள். அந்தப் பழம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதற்கு மூன்று வாரம் முன்னால் மில்லில் ஆயுத பூஜை. மெஷினுக்கு ஒன்றாக வைப்பதற்கு ஒரு கூடை எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவி, மெஷின் பழுது பார்க்கிற ஃபிட்டர்களிடம் கொடுத்தது நான்தான். அதில் ஒன்று மெஷின் அடியில் உருண்டு காய்ந்து கிடந்திருக்கிறது. பேச்சியம்மாள் கூட்டும்போது கிடைத்திருக்கிறது. பூஜைப் பழத்தைக் குப்பையோடு போடக் கூடாதென்று எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்திருக்கிறாள். அவள் எடுத்ததைத்தான் வைத்தாள் என்றார்கள். அவளை அனுப்புவதற்கு முன் விடுதிக் கூடத்தில் எல்லாரும் கூடி நின்றபோது இதைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து ஒருத்தி, “பழத்த நறுக்கிக் குடுத்தது ஆருன்னு மொதல்ல கண்டுபிடிக்கணும். அவளும் கூட்டுதான்” என்று கத்தினாள். நான் வாயை மூடிக்கொண்டேன். பேச்சியம்மாள் நேர் எதிரே நின்றாள். நான் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து நறுக்கியதை அவள் பார்த்திருக்கிறாள். என்னை ஒருமுறை பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாக இருந்தேன், என்னையும் விரட்டியிருந்தால் எங்கே போவேன் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவளுக்கும் ஒரு சின்னப் பிள்ளை இருந்தது. பயந்தவர்கள் கத்துவார்கள் என்று உன் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாய். கத்தாமலும் பயப்படலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடு. மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பிழையில்லாமல் எழுதிக்கொண்டே பயப்படலாம். அப்படிப் பயப்படுகிறவர்களை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை ஆண்டாள் கோயிலுக்குப் போய்வந்தேன் என்று உன்னிடம் சொன்னது பொய். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி வத்திராயிருப்புக்கு அடுத்த பஸ் ஏறினேன். பேச்சியம்மாள் அங்கே ஒரு தென்னந்தோப்பில் வேலை பார்க்கிறாள் என்று மில் கேன்டீனில் இருந்த பழைய சிநேகிதி சொல்லியிருந்தாள். பஸ் நிறுத்தத்தில் ஒரு டீக்கடைக்காரனிடம் விசாரித்தேன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது அவனுக்கு.

“எலுமிச்சங்கா பேச்சியையா கேக்கிய? அந்தா, வாய்க்காலத் தாண்டிப் போங்க.”

ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன். “தெரியல. சின்னதுலருந்தே அப்படித்தான் சொல்லுவாக” என்றான். ஊர் மாறி வந்தும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. அந்தக் கடைப் பெஞ்சிலேயே செத்த நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் நடந்தேன்.

அவள் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். “வாங்க வார்டனம்மா” என்றாள், நேற்றுப் பார்த்தவளைக் கூப்பிடுகிற மாதிரி. நான் அழுதேன். நான்தான் எழுதினேன் பேச்சி என்றேன்.

“தெரியும். ஆபீசுல வாசிச்சுக் காட்டுனாக. இம்புட்டு நல்லா எழுத அங்க வேற ஆரு இருந்தா?”

பழம் என்னுடையது என்று நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். இதைக் கேட்கத்தான் போனேன் என்று அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது.

“சொல்லியிருந்தா அம்புட்டுப் பேரும் ஒங்க மேல பாஞ்சிருப்பாளுக. அதுக்காக என்னைய விட்டுருப்பாளுகளா? ரெண்டு பேரையும் தொரத்தியிருப்பாளுக. ஒருத்தி போதாதா? நீங்களாச் சொல்லுவியன்னு மில் கேட்டுப் பக்கத்துல நின்னு பாத்தேன். பஸ் வந்திருச்சு, ஏறிட்டேன்” என்றாள்.

ஐயா, உன் நாடகத்தின் கடைசியில் ஒருவன், இன்னொருவர் பெயரைச் சொன்னால் உயிர் தப்பலாம் என்று தெரிந்தும் சொல்ல மறுக்கிறான். அந்த இடத்தை நீ திரும்பத் திரும்ப வாசிப்பதைப் படியில் நின்று கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு ஆள் நிஜத்தில் இருப்பானா சார் என்று கருப்பசாமி கேட்டான். அப்படி ஒருத்தி இருக்கிறாள். நம் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தூரத்தில் இருக்கிறாள். அவளால் காப்பாற்றப்பட்டவள்தான் உனக்கு இத்தனை வருஷமும் சோறு போட்டாள்.

மன்னித்துவிடு என்று அவளிடம் கேட்டேன். அவள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, “அதெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம். அன்னைக்கி எழுதுனிய, அது போயிருச்சு. இன்னொன்னு எழுதுங்க. நாலு பேரு முன்னால வாசிங்க. எம் மவ காதுல விழணும். அவ இன்னும் என்ட்ட ஒண்ணும் கேட்டதில்ல, ஆனா என்னைய நம்பாமத்தான் இருக்கா” என்றாள். உன் நாடகத்தைப் பற்றிச் சொன்னேன். வெள்ளிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றாள்.

அதனால் இந்தக் கடிதத்தை நீ ஒளித்து வைக்க வேண்டாம். இதைத்தான் நான் அன்று மேடையில் வாசிக்கப்போகிறேன். உன்னைப் புகழ்ந்த பகுதியையும் விடமாட்டேன், நீ எவ்வளவு கூச்சப்பட்டாலும் சரி. உன் மாணவர்களுக்கு முன்னால் உன் அம்மாவின் மதிப்பு குறைந்துபோகுமே என்று நீ தயங்கலாம். வேண்டாம் என்று நீ சொன்னால் நான் மேடையேற மாட்டேன், வத்திராயிருப்புக்குப் போய் அவர்கள் தெருவில் நின்று வாசிப்பேன். ஆனால் நீ சொல்ல மாட்டாய் என்று நம்புகிறேன். நீ நடத்துகிற பாடத்தைக் கேட்டவள் நான்.

பேச்சியம்மாளுக்கும் அவள் மகளுக்கும் முன்வரிசையில் இரண்டு நாற்காலி போட்டு வை. பக்கத்தில் மூன்றாவது ஒன்றையும் காலியாக விட்டு வை. வாசித்து முடித்து நான் கீழே இறங்கும்போது, பேச்சி என்னை அதில் உட்காரச் சொல்வாளா மாட்டாளா என்பது அவள் பாடு. சொல்லாவிட்டால் நீ எழுந்து வந்து என்னைக் கைபிடித்துக் கூட்டிப் போகாதே. நான் நின்றுகொண்டே நாடகம் பார்க்கிறேன்.

அம்மா